கேரவன் டயரும் கத்துகிற பெட்டியும்

ஆக்லாந்துக்கு நான் போனது ஒரு டயர் விஷயமாக. திருச்சியில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. இரண்டு விமானம் மாறி அவ்வளவு தூரம் டயர் பார்க்கவா போனாய் என்று கேட்கிறார்கள். அதற்குத்தான் போனேன்.

என் தங்கை வசந்தா அங்கே கிளென் ஈடன் பகுதியில் இருக்கிறாள். மருத்துவமனையில் நர்ஸ். கணவர் குணா மலேசியாவில் கிள்ளானில் பிறந்து வளர்ந்தவர், கம்ப்யூட்டர் வேலை. இருவரும் சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது பழகிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். ஒரே மகள் காவ்யா. இரண்டாயிரத்துப் பதினைந்தில் குணா ஒரு பழைய கேரவன் வாங்கினார். கட்டில், அடுப்பு, சின்ன மேஜை எல்லாம் உள்ளே இருக்கும் இரண்டு சக்கர வீடு. அதைக் காரின் பின்னால் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு கடற்கரை கடற்கரையாகப் போய்த் தங்குவது அந்த ஊர்க்காரர்களின் கோடை விடுமுறை வழக்கம்.

முதல் கோடையிலேயே மோட்டார்வே என்ற அதிவேகச் சாலையில் கேரவனின் ஒரு டயர் வெடித்துவிட்டது. வசந்தா வாட்ஸ்அப்பில் அதை என்னிடம் சொன்னபோது அவள் குரல் சரியாக வரவில்லை. "பின்னாடி சத்தம் கூடக் கேக்கலண்ணா. கண்ணாடியில தற்செயலாப் பாக்குறேன், வண்டி ஒரு பக்கமா சாஞ்சுக்கிட்டு இப்படியும் அப்படியுமா ஆடுது. அது இழுக்குற இழுப்புல எங்க காரே கோணலாப் போகுது."

குணா பிரேக்கை மிதிக்காமல் மெல்ல மெல்ல வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டியிருக்கிறார். யாருக்கும் அடியில்லை. டயரைப் பார்த்தவர்கள், காற்று வெகுநேரமாகவே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கிறது, காற்றில்லாமல் ஓடி ஓடிச் சூடேறித்தான் வெடித்திருக்கிறது என்றார்களாம். இந்த ஒரு விஷயத்திலிருந்து கணவனும் மனைவியும் இரண்டு முடிவுக்கு வந்தார்கள். முன்கூட்டியே தெரிந்திருந்தால் நிறுத்தியிருக்கலாமே என்று குணா, டயரின் காற்றைக் கண்காணித்துச் சொல்லும் ஒரு கருவியை வாங்கிவிட்டார். இனிமேல் அந்த வண்டியே வேண்டாம் என்றாள் வசந்தா. கேரவனை வீட்டு வாசலில் நிறுத்தவும் அவள் விடவில்லை. அது ஒனிஹங்காவில் நண்பர் ஒருவரின் வீட்டில் கிடந்தது.

அங்கே கோடை தொடங்கும் டிசம்பர் மறுபடி நெருங்கியபோது சண்டை முற்றிவிட்டது. கடைசியில் இருவரும் ஒரு ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொண்டார்கள். அண்ணன் வரட்டும், ஒருமுறை கூட உட்கார்ந்து வரட்டும், அந்தக் கருவி பிரயோஜனமா இல்லையா என்று அவர் சொல்வதைக் கேட்போம்.

என்னை ஏன் கூப்பிட்டாள் என்பது எனக்குத் தெரியும். எங்கள் குடும்பத்தில் என்னைவிடப் பயந்த ஆள் கிடையாது. சைக்கிளைத் தாண்டி நான் எதையும் ஓட்டியதில்லை. துவரங்குறிச்சி தாண்டி ஒரு கல்யாண வேன் பின் டயர் வெடித்துக் கவிழ்ந்தபோது அதற்குள் இருந்தவன் நான். வலது தோளில் இன்னும் இரும்புத் தட்டு இருக்கிறது. அதிலிருந்து பஸ்ஸில் ஏறினால் பின் சக்கரத்துக்கு மேலே இருக்கும் சீட்டில் உட்கார மாட்டேன். தீர்ப்பு என்னவாக இருக்கும் என்பது வசந்தாவுக்கு முன்பே தெரிந்திருந்தது.

ஆக்லாந்து விமான நிலையத்தில் என் பருப்புப் பொடியை விட்டுவிட்டார்கள், செருப்பைப் பிடித்துக்கொண்டார்கள். அடியில் ஒட்டியிருந்த திருச்சி மண் அவர்கள் நாட்டுக்குள் போகக் கூடாதாம். ஒரு பெண் அதிகாரி கையுறை போட்டுக்கொண்டு என் செருப்பைக் கழுவித் துடைத்துத் தந்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

வெளியே குணா காத்திருந்தார். காரின் முன்பக்கத்தில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு திரை ஒட்டியிருந்தது. அதுதான் அந்தக் கருவி என்று காட்டினார். டயரில் காற்றடிக்கும் வால்வின் வாயில், மூடிக்குப் பதிலாக ஒரு சென்சாரைத் திருகிவிட வேண்டும். காற்று எவ்வளவு, சூடு எவ்வளவு என்று அது ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருக்கும். குறைந்தால் திரை சிவந்து கத்தும். கேரவன் இங்கே இல்லாததால் அன்று திரை வெறுமையாக இருந்தது.

"பயப்பட ஒண்ணும் இல்ல லா, மச்சான். இது இருந்தா பின்னாடி நமக்குக் கண்ணு இருக்குற மாதிரி" என்றார், கிள்ளான்காரர்களுக்கே உரிய 'லா'வோடு.

மோட்டார்வேயில் ஒரு வண்டியும் ஹாரன் அடிக்கவில்லை. எனக்கு அதுவே பயமாக இருந்தது. நம் ஊரில் ஹாரன் சத்தத்தை வைத்துத்தான் பின்னால் என்ன வருகிறது என்று தெரிந்துகொள்கிறோம். இங்கே எல்லோரும் நூறு கிலோமீட்டர் வேகத்தில் சத்தமில்லாமல் பக்கத்தில் வந்து சத்தமில்லாமல் போகிறார்கள். வழியெல்லாம் ஒரு பஞ்சர் கடைகூடக் கண்ணில் படவில்லை. திருச்சியிலிருந்து மதுரை போவதற்குள் எத்தனை மரத்தில் பழைய டயர் தொங்கும். இங்கே டயர் போனால் ஓரமாக நின்று யாருக்காவது போன் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு வசந்தா மீன் குழம்பு வைத்திருந்தாள். வெள்ளை வெளேரென்று முள்ளே இல்லாத மீன். குழம்பு நன்றாக இருந்தது, வீடுதான் சரியில்லை. அப்பாவுக்கு இன்னும் சாதம் வேண்டுமா என்று வசந்தா மகளிடம் கேட்டாள். போதும் என்று அம்மாவிடம் சொல்லு என்றார் குணா. இரண்டு அடி தூரத்தில் எதிரெதிராக உட்கார்ந்திருப்பவர்களுக்கு நடுவில், பதின்மூன்று வயதுக் காவ்யா தலையைத் தூக்காமல் ஆங்கிலத்தில் சேதியை மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். நெடுநாள் பழகிய வேலைபோல அதைச் செய்தாள். தங்கை டயருக்கு மட்டும் என்னை வரவழைக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் வசந்தாவுக்கு விடுப்பு. ஹென்டர்சனில் சாமான் வாங்க ரயிலில் போனோம். காலியான ரயில், ஒவ்வொருவரும் ஒரு ஜன்னலோரம். கடைத்தெருவில் கறியை மாவுக்குள் அடைத்துச் சுட்ட 'மீட் பை' என்ற பண்டம் ஒன்று வாங்கித் தந்தாள். வெளியே தொட்டால் சாது, உள்ளே நெருப்பு. நாக்கு வெந்துபோனது. நான் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை சிரித்துக்கொண்டிருந்தவள், பிறகு தன் வார்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

அவள் வேலை பார்க்கும் இடத்தில் ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு மானிட்டர். இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், மூச்சு என்று எதையாவது சொல்லிக் கத்திக்கொண்டே இருக்குமாம். நோயாளி புரண்டு படுத்தால் கத்தும். விரலில் மாட்டிய கிளிப் நழுவினால் கத்தும்.

"கத்திக்கிட்டே இருந்தா காது மரத்துப் போயிடும்ணா. இதுவும் சும்மாதான் கத்துதுன்னு கையில இருக்குற வேலைய முடிச்சிட்டுப் போவோம். ஒருநாள் அது சும்மா கத்தியிருக்காது. நான் அதப் பாத்திருக்கேன். இவரு ஒரு பெட்டிய வாங்கி ஒட்டிட்டா போதும்னு நினைக்கிறாரு."

கருவியை அவள் வெறுமனே வெறுக்கவில்லை, ஒவ்வொரு நாளும் பன்னிரண்டு மணி நேரம் அதே மாதிரிக் கருவிகளோடு இருந்துவிட்டுத்தான் வருகிறாள் என்பது அந்தக் கடைவாசலில் எனக்குப் புரிந்தது. உன் பக்கம்தான் சொல்லப்போகிறேன், கவலைப்படாதே என்றேன்.

அதற்கடுத்த நாள் குணா என்னை ஒனிஹங்காவுக்கு அழைத்துப் போனார். பழைய துறைமுக ஊர். ஒரு பக்கம் மனுகாவ் நீர்ப்பரப்பு வற்றிச் சேறாகக் கிடந்தது, மறுபக்கம் தொழிற்கூடங்கள். கேரவனுக்கு இடம் கொடுத்த நண்பர் திருச்செல்வம் யாழ்ப்பாணத்துக்காரர், கணக்காளர். அவரே வெகுகாலமாகக் கேரவன் இழுப்பவர். ஆகையால் நான் குணாவைக் கேட்காமல் அவரைக் கேட்டேன். இந்தக் கருவி உண்மையில் தேவையா?

"ஓம், தேவைதான்" என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஆனா ஒண்டு சொல்லுறன். அது கத்தினா பயப்பிடுங்கோ. கத்தாட்டி இன்னும் கொஞ்சம் கூடப் பயப்பிடுங்கோ. எனக்கு ஒருக்கா சென்சருக்குள்ள பற்றரி செத்துப்போச்சு. சத்தமில்லைத்தானே, எல்லாம் சரியெண்டு நினைச்சுக்கொண்டு இருநூறு கிலோமீற்றர் டௌரங்கா வரைக்கும் போயிட்டன். இறங்கிப் பாக்கிறன், டயர் பப்படம் மாதிரிக் கிடக்கு."

அவருடைய கேரவனுக்கு ஒரு பக்கத்துக்கு இரண்டு சக்கரம். ஒன்று போனாலும் மற்றது தாங்கும். குணாவுடையதற்கு ஒரு பக்கத்துக்கு ஒன்றே ஒன்று. அதைக் கேட்ட பிறகு திருச்செல்வத்தின் மனைவி தந்த வடை எனக்கு இறங்கவில்லை. காருக்கும் கேரவனின் சக்கரத்துக்கும் தூரம் அதிகம், நடுவில் ஒரு பூஸ்டர் வைத்தால்தான் சென்சார் சொல்வது திரைக்கு ஒழுங்காக வந்து சேரும் என்றும் திருச்செல்வம் சொன்னார். அதெல்லாம் வேண்டியதில்லை என்று குணா சிரித்தார். புது டயர்களைத் தட்டிக் காட்டி, சென்சார்களைத் திருகினார். திரையில் இரண்டு எண்கள் வந்தன. இடது நாற்பத்தி நான்கு, வலது நாற்பத்தி நான்கு.

பயணம் கிளம்பிய நாள் காலையில் காற்று பலமாக இருந்தது. தெருவோரத்துப் பொஹுடுகாவா மரங்களிலிருந்து சிவப்புப் பூ இழைகள் உதிர்ந்து காரெல்லாம் படிந்திருந்தன. நகரத்துக்கு வடக்கே ஒரேவா என்ற கடற்கரை ஊரில் ஒரு இரவு தங்குவது திட்டம். நாலு பேரும் ஒனிஹங்கா போய்க் கேரவனைக் கொக்கியில் மாட்டினோம். வசந்தா வார்டுக்குப் போகும் முகத்தோடு முன் சீட்டில் உட்கார்ந்தாள். நானும் காவ்யாவும் பின்னால். நான் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடி முழுக்கக் கேரவனின் வெள்ளைச் சுவர் தெரிந்தது. பின்னால் வருகிற உலகம் தெரியவில்லை.

மோட்டார்வேயில் ஏறிய கொஞ்ச நேரத்தில் அந்தக் கருவி கத்தியது. சின்னப் பெட்டிக்குள் அவ்வளவு சத்தம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நான் முன் சீட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். திரையில் வலது டயருக்கு எண் இல்லை, வெறும் கோடு. குணா ஓரம் கட்டினார். பெரிய லாரிகள் பக்கத்தில் போகும்போதெல்லாம் கார் குலுங்கியது. இறங்கிப் போனவர் டயரை உதைத்துப் பார்த்துவிட்டு வந்து, ஒன்றும் இல்லை, சிக்னல் விட்டுப்போயிருக்கிறது என்றார். சற்று தூரத்தில் மறுபடியும் அதே கதை. மறுபடியும் கோடு, மறுபடியும் ஓரம், மறுபடியும் லாரி. டயர் வெடித்துச் சாவதற்கு முன் இது சரியாக இருக்கிறதா என்று பார்க்க நின்றே செத்துவிடுவோம் என்று எனக்குத் தோன்றியது.

வசந்தா என்னைத் திரும்பி ஒருமுறை பார்த்தாள். பார்த்தியா என்று அர்த்தம். மூன்றாம் முறை அது கோடு காட்டிக் கத்தியபோது குணா வண்டியை நிறுத்தாமல், கையை நீட்டிச் சத்தத்தை மட்டும் குறைத்தார். அவர் கழுத்து வியர்த்திருந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். எனக்குப் பயத்தில் வியர்க்கிறது, அவருக்கு எரிச்சலில் வியர்க்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு ஹார்பர் பாலம் வந்தது.

ஆக்லாந்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் அந்தப் பாலத்தைப் படம் எடுத்து வைத்திருப்பார்கள். நகரத்தையும் வட கரையையும் இணைக்கும் உயரமான இரும்புப் பாலம். ஏறும்போது வானத்தைப் பார்த்து ஏறுகிற மாதிரி இருக்கும். ஓர லேனில் போனால் காலுக்குக் கீழே தரை லேசாக அசைவது தெரியும். எங்கள் லேன் அதுதான். நின்று ஒதுங்க அதில் இடமே கிடையாது. கம்பிக்கு அந்தப் பக்கம் காற்று, அதற்குக் கீழே கடல். பாய்மரப் படகுகள் சிறு சிறு துணியாகத் தெரிந்தன. கேரவனின் அகன்ற சுவரில் காற்று மோதும்போதெல்லாம் காரின் பின்பகுதியை யாரோ பிடித்து நகர்த்துவதுபோல் இருந்தது. மற்றவர்கள் பெரும்பாலும் மேலே பாலத்து வளைவைப் பார்ப்பார்கள். நான் என் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாதி ஏறியபோது பெட்டி கத்தியது.

குணா பழக்கத்தில் சத்தத்தை நிறுத்தக் கையை நீட்டினார். வசந்தா அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தடுத்தாள். நான் அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர்கள் இருவரும் தொட்டுக்கொண்டு பார்த்தது அதுதான் முதல்முறை.

"இருங்க. இது கோடு இல்ல. நம்பரு" என்றாள். "இடது முப்பத்தொம்பது. இப்ப முப்பத்தேழு. இறங்கிட்டே இருக்கு. இது நிஜம்."

கணவனிடம் நேராக அவள் பேசி நான் கேட்ட முதல் பேச்சு அது. காரின் வேகம் மாறவில்லை. குணா கேட்டாரா இல்லையா என்பதே எனக்குத் தெரியவில்லை. வசந்தா குரலை உயர்த்தாமல் மறுபடியும் சொன்னாள். பிரேக் வேண்டாம். ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்க. ஸ்டியரிங்கை நேராப் பிடிங்க. சொல்லிக்கொண்டே தானே கையை நீட்டி அபாய விளக்கைப் போட்டாள். நோயாளி பக்கத்தில் நின்று பேசும் குரல் அதுதான் போலிருக்கிறது. முப்பத்தி நாலு. முப்பத்தொண்ணு.

வேகம் குறைந்தது. பாலத்தின் உச்சியில் நாங்கள் நடக்கிற வேகத்துக்குக் கொஞ்சம் மேலே போய்க்கொண்டிருந்தோம். அந்த ஊரில் ஹாரனே கிடையாது என்று எழுதினேன். அன்று கேட்டேன். பின்னாலிருந்து ஒரு லாரி நீளமாக அடித்தது. அது எங்கே இருக்கிறது, எவ்வளவு நெருக்கத்தில் வருகிறது என்று வெள்ளைச் சுவருக்குப் பின்னால் எதுவும் தெரியவில்லை. கேரவன் இடது பக்கம் சாய்வதைக் கார் சீட்டின் வழியாக என் உடம்பே உணர்ந்தது. துவரங்குறிச்சியில் வேன் சாய்ந்தபோதும் முதலில் இப்படித்தான் இருந்தது, ரொம்ப மெதுவாக. சாமி பெயரைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், எந்தப் பெயரும் வரவில்லை. காவ்யா காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது. என்னுடையதும் அப்படித்தான் இருந்திருக்கும்.

இருபத்தெட்டு என்றாள் வசந்தா. இறக்கம்தான், வண்டியை அதுபாட்டுக்குப் போக விடுங்க. இருபத்தஞ்சு. அங்க முதல் எக்ஸிட் தெரியுது, அதுல இறங்கிடலாம். அவள் எண்ணைச் சொல்வதும் குணா மூச்சு விடுவதும் மட்டும் கேட்டது.

பாலம் முடிந்து முதல் எக்ஸிட்டில் இறங்கி, புல் ஓரத்தில் கார் நின்றது. நான் கதவைத் திறந்து இறங்கி, இரண்டடி நடந்து, புல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன். இடது டயர் தரையில் மாவு மாதிரி பரவியிருந்தது. காற்று இறங்கும் சத்தம் இன்னும் கேட்டது. இன்னும் கொஞ்ச தூரம் அதே வேகத்தில் போயிருந்தால் டயர் கழன்று, வெறும் இரும்பு வளையம் தார் ரோட்டில் ஓடியிருக்கும். நாங்கள் பாலத்தின் மேல் எந்தப் பக்கம் திரும்பியிருப்போம் என்று இன்றுவரை நினைத்துப் பார்க்கப் பிடிக்கவில்லை.

உதவிக்குப் போன் செய்தோம். வந்த மெக்கானிக் சமோவாத் தீவுக்காரர், பெரிய உருவம், சின்னக் குரல். டயரைச் சுற்றி ஆணி, கண்ணாடி ஏதாவது குத்தியிருக்கிறதா என்று தேடினார். எதுவும் இல்லை. பிறகு வால்வைப் பிடித்து லேசாக வளைத்தார். அடியில் ரப்பரில் ஒரு வெடிப்பு, வாய் மாதிரி திறந்து மூடியது.

அவர் ஆங்கிலத்தில் சொன்னது இதுதான்: "இந்த சென்சாருக்குக் கனம் உண்டு. இந்த மாதிரி பழைய ரப்பர் வால்வில் மாட்டினால் சக்கரம் சுற்றச் சுற்ற அது ஆடி ஆடி ரப்பரை வெட்டிவிடும். உலோக வால்வு போட்டிருக்க வேண்டும். யாரும் சொல்லவில்லையா?"

டயர் மாற்றியவர்கள் பழைய ரப்பர் வால்வையே விட்டுவிட்டிருக்கிறார்கள். குணாவுக்கும் இது தெரியாது. ஆகக் காற்று இறங்கியதற்குக் காரணமே அந்தக் கருவிதான். இறங்குகிறது என்று சொன்னதும் அதே கருவிதான். வசந்தா கேட்க வேண்டியதெல்லாம் இப்போது கேட்கலாம், நான் குணாவின் முகத்தைப் பார்க்கவே சங்கடப்பட்டேன்.

அவள் ஒன்றும் கேட்கவில்லை. குணாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கேரவனின் படியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்திருந்தார். குளிருகிறதா என்று கேட்டேன். கையை வெளியே எடுத்துக் காட்டினார். நடுங்கிக்கொண்டிருந்தது, நிறுத்த முயன்றும் நிற்கவில்லை.

"மச்சான், என்னால இனி ஓட்ட முடியாது" என்றார். "போன வருஷத்துல இருந்தே முடியல. இவளுக்காக இந்தப் பெட்டிய வாங்கல. அது இல்லாம கேரவன இழுத்துட்டு மோட்டார்வேல ஏற எனக்குத்தான் காலு வரல. பாலத்துல அவ சொன்னது கேட்டுச்சு, காலுதான் நகரல. பெட்டி இருந்துச்சுனா சரியாயிடும்னு நெனச்சேன் லா."

ஒரு வருஷமாக அவர் பயமே இல்லாதவர் மாதிரி இருந்ததுதான் வசந்தாவை அதிகம் எரித்திருக்கிறது. நாங்கள் மூன்று பேரும் செத்துப்போயிருப்போம், இந்த மனுஷனுக்கு அது உறைக்கவே இல்லையே என்று ஹென்டர்சனில் என்னிடம் சொல்லியிருந்தாள். இப்போது அவள் போய் அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது. காவ்யாவும் நானும் டயர் மாற்றுவதை வேடிக்கை பார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டோம்.

மாற்று டயரைப் போட்டாயிற்று. பக்கத்திலேயே ஒரு டயர் கடை இருக்கிறது, அங்கே போய் இரண்டு சக்கரத்துக்கும் உலோக வால்வு போட்டுக்கொள்ளுங்கள் என்று சமோவாக்காரர் வழி சொன்னார். அதுவரை யார் ஓட்டுவது என்ற கேள்வி வந்தது. வசந்தா சாவியை வாங்கிக்கொண்டாள். கேரவன் வாங்கிய புதிதில் ஞாயிற்றுக்கிழமைகளில் காலி மைதானத்தில் அவளும் இழுத்துப் பழகியிருக்கிறாள். அதன் பிறகு தொட்டதில்லை. அவள் முகம் வெளுத்திருந்தது. எனக்கு அவளைத் தடுக்க வேண்டும் போலிருந்தது. தடுத்தால் வேறு யார் ஓட்டுவது? சைக்கிள் ஓட்டுகிற நானா?

கடையில் வால்வு மாற்றி, சென்சார்களை மறுபடி திருகி, பூஸ்டரும் வாங்கிப் பொருத்திக்கொண்டோம். திரும்பிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை. ஒரேவாவரை வசந்தாவே ஓட்டினாள். இடது லேன், எண்பது கிலோமீட்டர். குணா திரையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை எவ்வளவு என்று கேட்டாள். ரெண்டும் நாப்பத்தி நாலு என்றார் அவர். பெட்டி அதற்கப்புறம் கத்தவே இல்லை. கத்தாதபோது எனக்குத் திருச்செல்வத்தின் பற்றரி ஞாபகம் வந்தது. குணாவின் தோள் மேலாக எட்டிப் பார்த்து எண் மாறுகிறதா என்று நானும் கண்காணித்துக்கொண்டே வந்தேன். மாறினால் பயம், மாறாவிட்டால் செத்துவிட்டதோ என்று பயம்.

ஒரேவாவில் நீளமான கடற்கரை. கொதிக்கக் கொதிக்கப் பொரித்த மீனையும் உருளைக்கிழங்கையும் காகிதத்தில் சுற்றித் தந்தார்கள். கடற்பறவைகள் எங்களைச் சுற்றி வட்டமாக நின்று ஒவ்வொரு வாயையும் எண்ணின. காலையிலிருந்து சாப்பிடாத பசி அப்போதுதான் தெரிந்தது. சாப்பிட்டு முடித்ததும் குணா என்னிடம் திரும்பி, தீர்ப்பைச் சொல்லுங்க மச்சான் என்றார்.

ஊரிலிருந்து கிளம்பும்போது வேண்டாம் என்ற ஒரு சொல்லை நான் தயாராகக் கொண்டுவந்திருந்தேன். அதைச் சொல்ல முடியவில்லை. அந்தப் பெட்டி இல்லாமல் இருந்தால் வால்வு வெடித்திருக்காது. உண்மைதான். ஆனால் போன வருஷம் பெட்டி இல்லாமலேதான் காற்று இறங்கியது, அதை யாருக்கும் யாரும் சொல்லவில்லை. பாலத்தின் மேல் அந்த எண்கள் இல்லாமல் இருந்திருந்தால் நாங்கள் இந்த மணலில் உட்கார்ந்திருக்க மாட்டோம். இதையெல்லாம் குழப்பிக் குழப்பிச் சொன்னேன். சரியாக மாட்டினால் வேண்டும், தப்பாக மாட்டினால் அதுவே எமன் என்று முடித்தேன்.

வசந்தா சிரிக்கவில்லை. "தனியா ஓட்டுற ஆளுக்கு அது பத்தாதுண்ணா" என்றாள். "ஓட்டுறவரு ரோட்டப் பாக்கணும். இத இன்னொருத்தரு பாக்கணும். கோடு எது, நம்பரு எதுன்னு பாக்கத் தெரிஞ்சவங்க." பிறகு குணாவைப் பார்த்து, "நாளைக்கு நீங்க ஓட்டுங்க. நான் பாத்துச் சொல்றேன்" என்றாள்.

அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். காவ்யா பாக்கி உருளைக்கிழங்கைப் பறவைகளுக்குப் போட எழுந்து போனாள். கடைசியில் குணா சரியென்று தலையை அசைத்தார்.

மறுநாள் திரும்பும்போது பாலத்தின் பக்கம் போகவில்லை. மேற்கே சுற்றி நேராகக் கிளென் ஈடனுக்குப் போகும் வேறு மோட்டார்வே இருக்கிறது. அதில் போகலாம் என்று முதலில் சொன்னவன் நான். யாரும் மறுக்கவில்லை. கேரவனும் ஒனிஹங்காவுக்குப் போக வேண்டாம், நம் வாசலுக்கே வரட்டும் என்றாள் வசந்தா. குணாவின் கை ஸ்டியரிங்கில் இறுகி இறுகி வெளுத்தது. காற்று வீசும்போதெல்லாம் அவர் தோள் உயர்ந்தது. கேட்காமலேயே வசந்தா எண்களைச் சொல்லிக்கொண்டு வந்தாள், ஒரே குரலில், வழி முழுக்க. அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே நான் கண்ணை மூடியிருந்தேன். தூங்கவில்லை.

வீட்டு வாசலில் கேரவனைப் பின்னோக்கி விட்டு நிறுத்த வெகு நேரம் பிடித்தது. வசந்தா பின்னால் நின்று வாங்க, வாங்க, போதும் என்று சொல்ல, அவர் மூன்று தடவை தப்பாக விட்டு நாலாவதில் சரியாக நிறுத்தினார். எல்லோரும் சாமான்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். நான் போகவில்லை. கேரவனைச் சுற்றிப் போய், குனிந்து, முதலில் வலது டயரையும் பிறகு இடது டயரையும் தொட்டுப் பார்த்தேன்.

சமையலறை ஜன்னலிலிருந்து வசந்தா என்ன என்று கேட்டாள்.

சூடாக இருக்கிறது என்றேன்.

"ஓடி வந்த டயரு சூடாத்தான்ணா இருக்கும். உள்ள வா, காப்பி ஆறுது."

எவ்வளவு சூடு வரைக்கும் பயப்படாமல் இருக்கலாம் என்று அவளைக் கேட்க நினைத்தேன். கேட்காமல் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன்.